வெள்ளி கிராம் 203க்கு எடுத்தது, இன்னிக்கு 165. வச்சிருக்கவா, வித்துறவா?

ஒத்தக்கடைக்காரன் | 28 அக்டோபர் 2025, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் மதுரை தெற்காவணி மூல வீதியில ஒரு கடையில ஒரு கிலோ வெள்ளிக் கட்டி ரெண்டு எடுத்தேன். அன்னிக்கு ரேட் கிராம் 203. ஜிஎஸ்டி 3 சதவீதம் சேர்த்து 4,18,180 ரூபாய், பில் இருக்கு. அதே வாரத்துல டீமேட் கணக்குல ஒன்றரை லட்சத்துக்கு சில்வர் இடிஎஃப், அதாவது ஷேர் மாதிரி வாங்கி விக்கிற வெள்ளி ஃபண்டு யூனிட். அப்ப எங்கிட்டுத் திரும்பினாலும் வெள்ளிப் பேச்சுதான். பஜார்ல கட்டி இல்லைன்னு கடைக்காரங்களே கையை விரிச்சாங்க. முன்பணம் கட்டிட்டுப் போங்க, சரக்கு வந்ததும் கூப்பிடுறோம்னாங்க.

இன்னிக்கு போர்டு ரேட் 165. இடிஎஃப் 1,16,000 காட்டுது. கட்டி வாங்கின கடையிலயே கேட்டேன், திருப்பி எடுத்தா 155னு சொல்றாங்க.

சிக்கல் என்னன்னா, தங்கச்சிக்கு தை மாசம் கல்யாணம். 15 பவுன் போடணும்னு அம்மாவுக்கு ஆசை. வீட்டுல 9 இருக்கு, மீதி 6 எடுக்கணும். அதுக்குன்னு வச்சிருந்த காசுலதான் கட்டி எடுத்தேன். இடிஎஃப் காசு தனி, அவசரத்துக்கு வேண்டியதில்லை. தை வரைக்கும் பொறுத்தா ஏறுமா? இல்ல இப்பவே வித்து கையில மிஞ்சினதைக் காப்பாத்தவா?

உசிலை_72 | 28 அக்டோபர், இரவு 9.34

தம்பி, விக்கவே விக்காதீங்க. இது பயந்தவங்களை உதறி விடுற இறக்கம். பயந்தவன் சரக்கை தெம்பிருக்கவன் வாங்கிக்கிட்டே இருப்பான்.

வெள்ளி இன்னிக்குக் கொலுசுக்கும் குத்துவிளக்குக்கும் மட்டும் போற உலோகம் இல்லை. சோலார் தகட்டுல வெள்ளிப் பசை, கரண்ட் வண்டியில வெள்ளி, சர்க்யூட் போர்டுல வெள்ளி. உலகத் தேவையில பாதிக்கு மேல தொழிற்சாலைக்குத்தான் போகுது. 2021லருந்து வருசா வருசம் தேவை அதிகம், வரத்து கம்மி. வரத்தையும் நினைச்ச நேரத்துல கூட்ட முடியாது. வெள்ளிக்குன்னே தோண்டுற சுரங்கம் கொஞ்சம்தான், பெரும்பாலும் ஈயம், துத்தநாகம், செம்பு எடுக்கிற இடத்துல கூட வர்றது. வெள்ளி விலை ஏறிருச்சுன்னு எவனும் துத்தநாகத்தைக் கூடுதலாத் தோண்ட மாட்டான்.

உலகச் சந்தையில அவுன்ஸ் 54 டாலர் பார்த்தது 60 பார்க்காதா? இன்னும் விழுந்தா இன்னொரு கிலோ எடுத்துப் போடுங்க, சராசரி இறங்கும்.

வாடிப்பட்டி வாத்தியார் | 28 அக்டோபர், இரவு 10.15

உசிலையார் சொல்லும் காரணங்கள் உண்மைதான். ஆனால் கல்யாணத் தேதியை வைத்துக்கொண்டு ஒருவர் கேட்கும் கேள்விக்கு அவை பதில் ஆகாது. வெள்ளி விழுந்தால் எழ எவ்வளவு காலம் எடுத்திருக்கிறது என்று பாருங்கள்.

1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை ஒட்டிப் போனது. டெக்சாஸின் ஹண்ட் சகோதரர்கள் கடன் வாங்கிக் குவித்த குவிப்பு அதில் பெரும்பங்கு. சந்தை நிர்வாகம் விதிகளை இறுக்கியது. மார்ச் 27, வியாழக்கிழமை, 11 டாலருக்கும் கீழே போய்விட்டது. மறுபடி 49 டாலரைப் பார்க்க 2011 ஏப்ரல் வரை, அதாவது 31 வருடம் ஆயிற்று. அந்த உச்சமும் நிற்கவில்லை. வாயிதா வியாபாரத்துக்கு முன்கூட்டிக் கட்டும் மார்ஜின் தொகையை அடுத்தடுத்து ஏற்றினார்கள், மே முதல் வாரத்திலேயே நாலில் ஒரு பங்கு காணாமல் போனது. 2015 கடைசியில் 14 டாலர்.

நமக்கு ஒரு ஆறுதல் உண்டு. 2011இல் டாலர் 45 ரூபாய் அளவில் இருந்தது, இன்று 88. அதனால் ரூபாய்க் கணக்கில் காத்திருப்பு குறைவு. 2011இல் கிலோ 70 ஆயிரத்தைத் தாண்டிய வெள்ளி, 2015இல் அதில் பாதிக்கும் கீழே போய், 2020 ஆகஸ்டில் மறுபடி 70 ஆயிரத்துக்கு வந்தது. ஒன்பது வருடம். உலகச் சந்தையில் பழைய உச்சத்தைத் தாண்ட இந்த அக்டோபர் வரை ஆயிற்று. ஒன்பது வருடத்தையே ஆறுதல் என்று சொல்ல வேண்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

உசிலை_72 | 28 அக்டோபர், இரவு 10.22

ஐயா, 1980ல ரெண்டு பணக்காரன் பதுக்கினான். இப்ப சோலார் கம்பெனிக்காரன் வாங்குறான். ரெண்டும் ஒண்ணா?

வாடிப்பட்டி வாத்தியார் | 28 அக்டோபர், இரவு 10.41

2011இல் யாரும் பதுக்கவில்லையே. அப்போதும் சோலார் பேச்சு இருந்தது. விலை ஏறினால் சோலார்க்காரனும் சும்மா இருக்க மாட்டான், வெள்ளியைக் குறைத்துச் செம்பைப் போடப் பார்ப்பான். தகட்டுக்கு இத்தனை கிராம் என்ற அளவை வருடா வருடம் குறைத்துக்கொண்டேதான் வருகிறார்கள். விலை ஏற மாட்டாது என்று நான் சொல்லவில்லை. தைக்குள் ஏறும் என்று உங்களால் எழுதிக் கொடுக்க முடியுமா?

திருப்பாலை | 28 அக்டோபர், இரவு 10.50

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். எங்கிட்ட தங்கப் பத்திரம் இருக்கு, 2024 பிப்ரவரியில வந்த கடைசி வெளியீடு, கிராம் 6,263. பவுன் 97 ஆயிரத்தைத் தாண்டிட்டு இப்ப 90 ஆயிரத்தை ஒட்டி வந்திருச்சு. நானும் வித்துறவா?

கணக்குப்பிள்ளை | 28 அக்டோபர், இரவு 11.05

திருப்பாலை, நீங்க போட்ட காசு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கா இருக்கு. வருசத்துக்கு 2.5 சதவீதம் வட்டியும் தனியா வருது. எட்டு வருசம் முடிஞ்சு ரிசர்வ் வங்கிகிட்ட ஒப்படைச்சா லாபத்துக்கு வரி இல்லை. நடுவுல எக்ஸ்சேஞ்சுல வித்தா வரி உண்டு. தேவை இல்லாம அதை ஏன் தொடுறீங்க? தங்கத்துக்கு நாட்டு மத்திய வங்கிகளே வாங்க நிக்குது, 2022, 2023, 2024 மூணு வருசமும் ஆயிரம் டன்னுக்கு மேல வாங்கியிருக்காங்க. வெள்ளிக்கு அப்படித் தாங்கிப் பிடிக்கிற ஆள் கிடையாது. அதனாலதான் 21ஆம் தேதி தங்கம் 5 சதவீதத்துக்கு மேல இறங்கினதையே 2013க்கு அப்புறம் இல்லாத அடின்னு பேசுறாங்க. வெள்ளிக்கு அதெல்லாம் வாடிக்கை. மேற்கொண்டு பேசணும்னா தனி இழை போடுங்க, இது ஒத்தக்கடைக்காரர் இடம்.

ஒத்தக்கடைக்காரரே, உங்க கணக்கைக் காகிதத்துல போட்டுப் பார்த்தேன். இங்க இதுவரைக்கும் யாரும் தொடாத இடம் ஒண்ணு இருக்கு.

நீங்க வாங்கின வாரம் உலகச் சந்தையில அவுன்ஸ் 54 டாலர் வரைக்கும் போச்சு. அவுன்ஸுக்கு 31.1 கிராம். அப்ப கிராம் 1.736 டாலர். டாலருக்கு 88 ரூபாய்னா 152.80. இறக்குமதி வரி 6 சதவீதம் சேருங்க, 162 ரூபாய். ஜிஎஸ்டி இல்லாம வெள்ளி நம்ம ஊருக்கு வந்து இறங்குற அடக்கவிலை இது. அன்னிக்கு போர்டு ரேட் 203, ஒரு நாள் 207 கூடப் போச்சு.

162க்கும் 203க்கும் நடுவுல இருக்கிற 41 ரூபாய் வெள்ளிக்கு இல்லை. தட்டுப்பாட்டுக்கு. லண்டன்லயே கையிருப்பு இறுகிப்போய் இரவல் வெள்ளிக்கு வாடகை எக்கச்சக்கமா ஏறியிருந்துச்சு. இங்க தீபாவளி, சரக்கு இல்லை. கேட்டவங்க கேட்ட விலைக்கு எடுத்தாங்க.

இன்னிக்கு அவுன்ஸ் 47 டாலர். அதே கணக்குல அடக்கம் 141. போர்டு 165. இன்னமும் 24 ரூபாய் மேல ஒட்டிக்கிட்டு நிக்குது.

உலகத்துல வெள்ளி விழுந்தது 13 சதவீதம். நம்ம போர்டுல 203லருந்து 165க்கு, கிட்டத்தட்ட 19 சதவீதம். மிச்சம் ஆறும் தட்டுப்பாட்டுக் கூடுதல் கரைஞ்சது. அது திரும்பி வரணும்னா மறுபடி அதே மாதிரி தட்டுப்பாடு வரணும்.

இப்ப உங்க அசலைப் பாருங்க. ஜிஎஸ்டியோட கிராமுக்கு 209 கொடுத்திருக்கீங்க. கடைக்காரர் போர்டுல 10 ரூபாய் குறைச்சு எடுக்கிறார். அப்ப போர்டு 219 வந்தாத்தான் அசல். மேல ஒட்டியிருக்கிற 24 அப்படியே நின்னாக்கூட அடக்கம் 195 வரணும். அதுக்கு உலகச் சந்தை 65 டாலர் போகணும். நீங்க வாங்கினப்ப இருந்த உச்சத்தை விட 11 டாலர் கூட. "பழைய விலை வந்தா வித்துருவேன்"னு நினைச்சீங்கன்னா, பழைய விலை வந்தாலும் உங்களுக்கு அசல் வராது.

ஒத்தக்கடைக்காரன் | 28 அக்டோபர், இரவு 11.20

65ஆ? ஒரு நிமிசம் தலை சுத்திருச்சு. சரி, இடிஎஃபுக்கும் இதே கதையா?

கணக்குப்பிள்ளை | 28 அக்டோபர், இரவு 11.38

அதே கதைதான், ஆனா முடிஞ்சுபோன கதை. அந்த வாரம் சில்வர் இடிஎஃப் யூனிட்டுகள் உள்ள இருக்கிற வெள்ளியோட மதிப்பை விடப் பத்து சதவீதத்துக்கும் மேல கூட வித்துச்சு. புது யூனிட் போட ஃபண்டுக்காரங்களுக்கே வெள்ளி கிடைக்கலை. சில நிறுவனங்கள் சில்வர் ஃபண்டுல மொத்தமாப் பணம் வாங்குறதையே நிறுத்தி வச்சாங்க. இப்ப அந்தக் கூடுதல் ஏறக்குறைய கரைஞ்சிருச்சு. யூனிட் விலைக்குப் பக்கத்துலயே ஐநேவின்னு ஒரு எண் ஓடும், உள்ள இருக்கிற வெள்ளியோட அப்போதைய மதிப்பு. ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க.

இதுலருந்து வர்ற முடிவு நீங்க நினைக்கிறதுக்கு நேர் எதிர். இப்ப ஒண்ணை விக்கணும்னா கட்டியைத்தான் விக்கணும், இடிஎஃபை இல்லை. கட்டிக்கு உங்களுக்கு 155 கிடைக்குது. அடக்கவிலை 141. அதாவது கடைக்காரர் கழிச்சது போகவும் அடக்கத்துக்கு மேல 14 ரூபாய் உங்களுக்கு வருது. நாளைக்குத் தாராளமா சரக்கு வந்து இறங்கினா அந்த 14 போயிரும், உலக விலை அசையாம இருந்தாக்கூட. இடிஎஃப்ல இனிமே அப்படிக் கரைய ஒண்ணும் இல்லை. வெள்ளி ஏறும்னு நம்பிக்கை இருந்தா அதை அங்க வச்சுக்கங்க.

உசிலை_72 | 28 அக்டோபர், இரவு 11.45

கையில இருக்கிற வெள்ளியை வித்துட்டு கம்ப்யூட்டர்ல இருக்கிற வெள்ளியை வச்சுக்கிறதா! நல்லா இருக்குய்யா கணக்கு.

கணக்குப்பிள்ளை | 28 அக்டோபர், இரவு 11.52

இடிஎஃபுக்குப் பின்னாடியும் பெட்டகத்துல கட்டி வெள்ளிதான் இருக்கு, பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியோட விதிப்படி. கையில தொட்டுப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். உங்களுக்கு அது குறையாத் தெரிஞ்சா கட்டியையே வச்சுக்கங்க, யாரும் தடுக்கலை.

பத்தர் பட்டறை | 29 அக்டோபர், காலை 7.05

பஜார்ல இருக்கிறவன் சொல்றேன், கேட்டுக்கங்க.

போர்டு ரேட்டுங்கிறது சில்லறைக்கு. கட்டிக்கு மொத்தக் கடைக்காரங்க தனி ரேட் சொல்வாங்க, போர்டை விட இறக்கமா இருக்கும். கல்யாண வீட்டுக்காரர் கொலுசு எடுக்கிற கடையில போய்க் கட்டி வாங்கினா போர்டு ரேட்தான் போடுவாங்க. விக்கிறப்பவும் ஒரு கடையோட நிக்காதீங்க. வாங்கின கடை 155ன்னா, அதே வீதியில கட்டி மட்டும் வாங்கி விக்கிற கடை ரெண்டு மூணு இருக்கும், ஏறி இறங்குங்க. கிராமுக்கு ரெண்டு ரூபாய் கூடினாலே ரெண்டு கிலோவுக்கு நாலாயிரம்.

கட்டியில கம்பெனி முத்திரை, வரிசை எண், உறை எல்லாம் இருக்கா? இருந்தா உறையைப் பிரிக்காதீங்க. உறை பிரிஞ்ச கட்டியா இருந்தா டச், அதாவது சுத்தம் எவ்வளவுன்னு பார்ப்பாங்க. மிஷின் மேல்பரப்பைத்தான் படிக்கும். ஒரு கிலோ கட்டிக்கு அதை நம்ப மாட்டாங்க. மூலையில சின்னதா ஒரு துளை போட்டு, சுருள் சுருளா வர்ற தூளை எடுத்து உருக்கிப் பார்ப்பாங்க. அந்தத் தூளை உங்க கண்ணு முன்னாடி எடை போட்டு, உங்க எடையில சேர்க்கச் சொல்லுங்க. கறுத்திருந்தா தேய்க்காதீங்க. கறுத்ததுக்காக யாரும் விலை குறைக்கிறதில்லை, தேய்ச்சா எடைதான் போகும்.

காசு பேங்க் மூலமா வாங்குங்க. 2 லட்சமும் அதுக்கு மேலயும் ரொக்கமா வாங்கினா அபராதம் உங்களுக்குத்தான்.

திருமங்கலத்தான் | 29 அக்டோபர், காலை 8.20

ஏன் விக்கணும்? கட்டியை அடகு வச்சு அந்தக் காசுல பவுன் எடுங்க. வெள்ளி ஏறினதும் மீட்டு விக்கலாம்.

கணக்குப்பிள்ளை | 29 அக்டோபர், காலை 8.48

வங்கியில கட்டிக்குக் கடன் கிடைக்காது. ரிசர்வ் வங்கி இந்த வருசம் போட்ட புது விதி 2026 ஏப்ரல் 1லருந்து கட்டாயமா நடைமுறைக்கு வருது. அதுலயும் வெள்ளி நகைக்கும் காசுக்கும்தான் இடம், கட்டிக்கு இல்லை. தனியார் அடகுக்கடையில எடுத்துக்குவாங்க, வட்டி என்னன்னு உங்களுக்கே தெரியும். விழுந்துக்கிட்டிருக்கிற பொருளை வட்டிக்கு வச்சுக் காத்திருந்தா விலை ஒரு பக்கம் தின்னும், வட்டி ஒரு பக்கம் தின்னும்.

சிம்மக்கல் அக்கா | 29 அக்டோபர், காலை 10.30

தம்பி, எல்லாரும் டாலர், அவுன்ஸ்னு போட்டுக்கிட்டே இருக்காங்க. உங்களுக்கு வேண்டியது ஆறு பவுன். நீங்க பவுன்ல எண்ணுங்க.

நீங்க வெள்ளி வாங்கின வாரம் பவுன் 95 ஆயிரத்துக்கு அங்கிட்டும் இங்கிட்டுமா இருந்துச்சு. அன்னிக்கே அந்தக் காசுக்கு நகை எடுத்திருந்தா நாலரை பவுன் கூட வந்திருக்காது, செய்கூலி சேதாரத்தை விட்டே சொல்றேன். இன்னிக்கு கட்டி ரெண்டையும் 155க்குக் கொடுத்தா 3,10,000. பவுன் 90 ஆயிரம்னா மூணு பவுனும் கொஞ்சமும். உங்க நஷ்டம் லட்சத்து எட்டாயிரம்னு நீங்க நினைக்கிறீங்க. பவுன் கணக்குல பார்த்தா ஒரு பவுனுக்குக் கொஞ்சம் கம்மிதான். பவுனும் இறங்கினதால மீதி நீங்க எடுக்க வேண்டியதுலயும் பவுனுக்கு ஐயாயிரம் குறையுது. அதை ஏன் எண்ண மாட்டேங்கிறீங்க?

தைக்குள்ள வெள்ளி ஏறுச்சுன்னா பவுன் மட்டும் சும்மா இருக்குமா? ரெண்டும் பெரும்பாலும் ஒண்ணாத்தான் ஏறும். நீங்க காத்திருந்து வெள்ளியில சம்பாதிக்கிறதை நகைக்கடையில கொண்டுபோய்க் கொடுப்பீங்க.

இன்னொண்ணு. கல்யாணத்துக்கு வெள்ளிச் சாமான் வைக்க வேண்டாமா? குத்துவிளக்கு, தாம்பாளம், பன்னீர்ச் சொம்பு, குங்குமச் சிமிழ், கொலுசு. அதுக்கு எங்க போறதா இருக்கீங்க? கட்டியை வித்து, அந்தக் காசுல திரும்ப வெள்ளிதான வாங்கப் போறீங்க?

ஒத்தக்கடைக்காரன் | 29 அக்டோபர், மதியம் 1.15

அக்கா, அம்மாகிட்ட கேட்டேன். விளக்கு ஒரு ஜோடி, தாம்பாளம், சொம்பு, சிமிழ், கொலுசு எல்லாம் சேர்த்து எப்படியும் முக்கால் கிலோவுக்கு மேல வரும்னாங்க. இத்தனை நாள் இதை யாரும் என்கிட்ட சொல்லவே இல்லை. மார்கழி பிறக்கிறதுக்கு முன்னாடி போய் எடுக்கிறதா அவங்க பாட்டுக்கு நினைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

கணக்குப்பிள்ளை அண்ணே சொன்னது புரியுது. ஆனா 209க்கு எடுத்ததை 155க்குக் கொடுக்கக் கை வரமாட்டேங்குது. விக்காத வரைக்கும் அது நஷ்டம் இல்லைன்னு எங்க மாமா சொல்றார்.

வாடிப்பட்டி வாத்தியார் | 29 அக்டோபர், மதியம் 2.00

உங்கள் மாமாவின் ஊரில் எந்தக் கடைக்காரர் 209 என்று எடுத்துக்கொள்வார், கேட்டுச் சொல்லுங்கள். நானும் என் வீட்டு வெள்ளியைக் கொண்டுவருகிறேன்.

நீங்கள் வாங்கிய ரேட் வெள்ளிக்குத் தெரியாது. 209 என்பது உங்கள் பில்லில் மட்டும் இருக்கிறது. இன்று உங்கள் வீட்டில் இருப்பது மூன்று லட்சத்துப் பத்தாயிரம் பெறுமான உலோகம். அந்தத் தொகை ரொக்கமாகக் கையில் இருந்து, தையில் கல்யாணத்தையும் வைத்துக்கொண்டு, இன்று பஜாருக்குப் போனால் கட்டி எடுப்பீர்களா, பவுன் எடுப்பீர்களா? பவுன் என்றால் முடிந்தது.

உசிலை_72 | 29 அக்டோபர், மதியம் 2.25

ஐயா, அப்படிப் பார்த்தா யாருமே எதையும் வச்சிருக்க முடியாது. 2015ல 34 ஆயிரத்துக்குப் பயந்து வித்தவன் இன்னிக்கு எங்க இருக்கான்? நான் அப்ப எடுத்தது இன்னும் பீரோவுலதான் இருக்கு.

வாடிப்பட்டி வாத்தியார் | 29 அக்டோபர், மதியம் 2.40

உங்கள் பீரோவில் இருப்பதற்குக் கல்யாணத் தேதி குறிக்கவில்லையே, உசிலையாரே. உங்களுக்கு நான் விற்கச் சொல்லவில்லை.

பத்தர் பட்டறை | 29 அக்டோபர், மாலை 5.50

அக்கா சொன்ன வழிதான் எனக்கும் படுது. ஒரு கட்டியைச் சாமானா மாத்திக்கங்க. அதுல ரெண்டு விதம் இருக்கு.

ஒண்ணு, கடையில கட்டியைக் கொடுத்து ரெடிமேட் சாமான் எடுக்கிறது. காசாக் கேட்டா ஒரு ரேட், சாமானா எடுத்தா ஒரு ரேட் போடுவாங்க, ரெண்டாவது உங்களுக்குச் சாதகம். ஆனா அங்கதான் கவனமா இருக்கணும். உங்க கட்டி 999, அதாவது ஆயிரத்துல 999 பங்கு சுத்த வெள்ளி. விளக்கும் சொம்பும் 999ல வராது, டச் கம்மியாத்தான் இருக்கும், கெட்டித்தன்மைக்குச் செம்பு சேர்க்கணும். கிராமுக்குக் கிராம்னு மாத்தினா நீங்க சுத்த வெள்ளியைக் கொடுத்துச் செம்பு வாங்கிட்டு வர்றீங்க. எடுக்கிற சாமான் என்ன டச்னு பில்லுல எழுதச் சொல்லுங்க, அந்த அளவுக்குச் சுத்த வெள்ளி மட்டும் கழிக்கணும். வெள்ளிக்கு ஹால்மார்க் எண் செப்டம்பர் மாசத்துலருந்து வந்திருக்கு, ஆனா கட்டாயம் இல்லை. முத்திரை இருக்கிறதாக் கேட்டு எடுங்க. அடியில அரக்கு வச்ச விளக்குன்னா அரக்கு எடையையும் கேட்டுக் கழிங்க, இதைக் கேக்கிறவங்க ரொம்பக் கம்மி.

இன்னொண்ணு, பட்டறையில கொடுத்துச் செய்றது. உங்க வெள்ளி, எங்க கூலி. கூலிக்கு மட்டும் 5 சதவீதம் ஜிஎஸ்டி, வெள்ளிக்கு மறுபடி 3 சதவீதம் கட்ட வேண்டியதில்லை. ஆனா தைக்கு வேணும்னா இப்பவே கொடுக்கணும். கார்த்திகைக்கு மேல எந்தப் பட்டறையிலயும் கை காலியா இருக்காது.

ஒத்தக்கடைக்காரன் | 29 அக்டோபர், இரவு 8.30

சரி, வீட்டுல பேசி முடிவுக்கு வந்தாச்சு. ஒரு கட்டி சாமானுக்கு. இன்னொரு கட்டியை வித்து அந்தக் காசு பவுனுக்கு. சீட்டு ஒண்ணு மார்கழிக்கு முன்னாடி முடியுது, அதையும் சேர்த்தா ஆறு பவுனை எட்டிரலாம். சாமானுக்குன்னு அம்மா தனியா எடுத்து வச்ச காசு இப்ப மிச்சம், அதுவும் பவுனுக்குப் போகுது. இடிஎஃபைத் தொடலை.

உசிலை அண்ணே, கோவிச்சுக்காதீங்க, உங்க பேச்சைக் கேட்டுத்தான் இடிஎஃபை விட்டு வச்சிருக்கேன். கணக்குப்பிள்ளை அண்ணே, கட்டி விக்கிறதுல வர்ற நஷ்டத்துக்கு வரியில ஏதாவது உண்டா?

கணக்குப்பிள்ளை | 29 அக்டோபர், இரவு 9.00

உண்டு. கட்டியை 24 மாசத்துக்குள்ள வித்தா குறுகிய கால மூலதன நஷ்டம். இந்த வருசமே ஷேர்லயோ நிலத்துலயோ மூலதன லாபம் வந்திருந்தா அதுல கழிக்கலாம். இல்லைன்னா எட்டு வருசம் வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போகலாம், ஆனா கெடு தேதிக்குள்ள ரிட்டர்ன் போட்டிருக்கணும். சம்பளத்துல கழிக்க முடியாது. வாங்கின பில், விக்கிறப்ப கடைக்காரர் கொடுக்கிற சீட்டு, பேங்க் வரவு மூணையும் சேர்த்து வைங்க. கடையில வெள்ளைத் தாள்ல எழுதிக் கொடுத்தா வாங்காதீங்க. சாமானுக்குக் கட்டியை மாத்தினாலும் வருமான வரிக்கு அது விக்கிறதுதான், அதுக்கும் சீட்டு வேணும். பட்டறையில கொடுத்துச் செஞ்சா அந்தப் பேச்சு வராது.

இடிஎஃபுக்கு 12 மாசம் தாண்டினா நீண்ட காலம், லாபத்துக்கு 12.5 சதவீதம். அதுக்கு முன்னாடி வித்தா உங்க வரி அடுக்குப்படி.

உசிலை_72 | 29 அக்டோபர், இரவு 9.12

கோவம் எதுக்குத் தம்பி? ஆனா எழுதி வச்சுக்கங்க, நீங்க குடுக்கிற கட்டியை வாங்குறவன் முட்டாள் இல்லை. இன்னிக்கு ராத்திரி அமெரிக்க மத்திய வங்கி ஃபெட் வட்டியைக் குறைச்சா நாளைக்கே வெள்ளி ஏறுறதைப் பாருங்க.

கணக்குப்பிள்ளை | 29 அக்டோபர், இரவு 9.20

குறைப்பாங்கன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதை விலை ஏற்கெனவே சாப்பிட்டாச்சு உசிலையாரே.

ஒத்தக்கடைக்காரன் | 29 அக்டோபர், இரவு 9.35

பத்தர் அண்ணே, நாளைக்குக் கட்டியை எடுத்துக்கிட்டு வரலாமா?

பத்தர் பட்டறை | 29 அக்டோபர், இரவு 9.50

நாளைக்கு 30ஆம் தேதி, தேவர் குருபூசை. கோரிப்பாளையம் பக்கமெல்லாம் போலீஸ் பந்தோபஸ்து, ஒத்தக்கடையிலருந்து ரெண்டு கிலோ வெள்ளியோட வந்து மாட்டிக்காதீங்க. வெள்ளிக்கிழமை உங்க அம்மா விக்க விட மாட்டாங்க. சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேல வாங்க, அதுக்குள்ள அன்னிக்கு ரேட் வந்திரும். பில்லு, பான் கார்டு, ஆதார் மூணையும் எடுத்துக்கங்க. முதல்ல மூணு கடையில விலை கேட்டுட்டு அப்புறம் பட்டறைக்கு வாங்க. கொலுசு அளவுக்குத் தங்கச்சியையும் கூட்டிட்டு வந்திருங்க, பழைய கொலுசைக் கொண்டுவந்தா போதும்னு சொல்லிப் பாதிப் பேர் சின்னதைக் கொண்டுவந்துர்றாங்க.